மெயில்பாக்ஸ் டேட்டாபேஸைப் புதிய ஹார்டுவேருக்கு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக மெயில் சர்வர் வைத்துப் பராமரிப்பவர்களுக்காக எழுதியது இது. பழைய மெஷினின் வாரண்டி முடிந்துவிட்டது, டிஸ்க் ஒன்றில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது, புதுப் பெட்டி வந்து இறங்கியாகிவிட்டது. அதற்குள் மெயில்பாக்ஸ்களை எப்படிக் கொண்டு போவது? பதில்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சை மனதில் வைத்து எழுதியவை. லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

ஈடிபி கோப்பை (எக்ஸ்சேஞ்ச் மெயில்பாக்ஸ்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் கோப்பு) புதுச் சர்வருக்குக் காப்பி செய்து மவுண்ட் செய்தால் (இயங்கும்படி இணைத்தால்) போதாதா?

போதாது. முதல் முறை இந்த வேலையில் இறங்கும் எல்லோருக்கும் வரும் யோசனை இது, எனக்கும் வந்தது. எக்ஸ்சேஞ்ச் டேட்டாபேஸ் பார்வைக்கு ஒரே கோப்பு. ஆனால் அதன் விவரங்கள் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. மெயில்கள் ஈடிபி கோப்பில் இருக்கும். கடைசியாக நடந்தவை, இன்னும் ஈடிபிக்குள் எழுதி முடிக்காதவை, டிரான்சாக்‌ஷன் லாக் கோப்புகளில் இருக்கும். இந்த டேட்டாபேஸ் எந்தச் சர்வரைச் சேர்ந்தது, எந்தப் பயனரின் மெயில்பாக்ஸ் இதற்குள் இருக்கிறது என்ற விவரம் ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் நெட்வொர்க்கின் பயனர், கணினிப் பதிவேடு) இருக்கும். கோப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், ஆள் குடிமாறியும் முகவரி பழைய வீட்டிலேயே நிற்கும் கதைதான்.

இன்னொன்று: டேட்டாபேஸ் மவுண்ட் ஆகியிருக்கும்போது ஈடிபி கோப்பை எக்ஸ்சேஞ்ச் பூட்டி வைத்திருக்கும். எப்படியாவது இழுத்து எடுத்தாலும், கையில் கிடைப்பது பாதி எழுதிய கோப்பு.

அப்படியானால் எத்தனை வழிகள்? எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று வழிகள் உண்டு. பழைய சர்வர் உயிரோடு இருக்கும் வரை முதல் வழியைத்தான் சொல்வேன்: புது மெஷினில் புதிய பெயரில் எக்ஸ்சேஞ்சை நிறுவுங்கள், புது டேட்டாபேஸை உருவாக்குங்கள், மெயில்பாக்ஸ்களை ஒவ்வொன்றாகவோ தொகுதியாகவோ நகர்த்துங்கள். எக்ஸ்சேஞ்ச் 2010 முதல் இது பயனர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நடக்கும். அதற்கு முந்தைய 2007-இல் நகர்த்தி முடியும் வரை அந்த ஆள் மெயில் பார்க்க முடியாது. இந்த வழியின் இன்னொரு லாபம், டேட்டாபேஸ் புதிதாக எழுதப்படுகிறது. பழைய கோப்பில் சேர்ந்திருக்கும் காலி இடமும் சின்னச் சின்னக் கோளாறுகளும் கூடவே வராது.

இரண்டாவது, ரெக்கவர்சர்வர். பழைய சர்வரின் பெயரிலேயே புது மெஷினை எழுப்புவது. ஆக்டிவ் டைரக்டரியில் பழைய கம்ப்யூட்டர் அக்கவுண்டை ரீசெட் செய்து (டெலீட் அல்ல, ரீசெட்!), அதே பெயரில், அதே விண்டோஸ் பதிப்பில், அதே டிரைவ் எழுத்துகளோடு மெஷினை டொமைனில் சேர்த்து, செட்டப்பை ரெக்கவர்சர்வர் முறையில் ஓட்ட வேண்டும். பழைய மெஷின் செத்துப்போய்விட்டால் இதுதான் கதி. கனெக்டர் (மெயில் உள்ளே வரும், வெளியே போகும் வழி) போன்ற அமைப்புகள் டைரக்டரியிலிருந்து திரும்பி வந்துவிடும். சர்டிபிகேட்டும் (சர்வரின் அடையாளச் சான்று) ஐஐஎஸ்ஸில் (விண்டோஸின் வெப் சர்வர்) நீங்கள் கையால் மாற்றியவையும் வராது. எக்ஸ்சேஞ்சை வழக்கமான ஃபோல்டரில் நிறுவாமல் வேறு டிரைவில் நிறுவியிருந்தால், அந்தப் பாதையையும் செட்டப்புக்குச் சொல்ல வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

மூன்றாவது, டேட்டாபேஸ் போர்ட்டபிலிட்டி. ஈடிபி கோப்பையே எடுத்துப் போய் இன்னொரு சர்வரில் முறைப்படி மவுண்ட் செய்வது. ஒரே ஆர்கனைசேஷனுக்குள் (ஒரே ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள எக்ஸ்சேஞ்ச் அமைப்பு), ஒரே எக்ஸ்சேஞ்ச் பதிப்புக்குள் மட்டும்தான் இது நடக்கும். 2016-இன் கோப்பை 2019-இல் மவுண்ட் செய்ய முடியாது.

எங்கள் மெயில் சர்வர் விர்ச்சுவல் மெஷின். அதற்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். புது ஹோஸ்டுக்கு விர்ச்சுவல் மெஷினை அப்படியே நகர்த்துங்கள், எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்றுமே தெரியாது. ஸ்னாப்ஷாட்டை (மெஷினின் அந்த நேர நிலையின் பதிவு) மட்டும் பேக்கப்பாக நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஓடும் டேட்டாபேஸுக்குத் தெரியாமல் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், டேட்டாபேஸ் ஒரு நேரத்திலும் ஆக்டிவ் டைரக்டரி வேறொரு நேரத்திலும் நிற்கும்.

எங்களிடம் இருப்பது பழைய பதிப்பு. ஒரே தாவலில் புதிய பதிப்புக்குப் போகலாமா?

எதிலிருந்து எதற்கு என்பதைப் பொறுத்தது. எக்ஸ்சேஞ்ச் 2019, 2016-உடன் சேர்ந்து வாழும், 2010-உடன் வாழாது. 2013-உடன் முன்பு வாழ்ந்தது, 2025-இல் வந்த அப்டேட்டிலிருந்து (சியூ15) அதுவும் இல்லை. 2010 வைத்திருப்பவர் முதலில் 2016-க்குப் போய், 2010-ஐ முழுவதும் நீக்கிவிட்டு, அங்கிருந்து மேலே ஏற வேண்டும். இரண்டு இடமாற்றம், இரண்டு மடங்கு வேலை.

2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2025 ஜூலையில், சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் வந்தது. புது ஹார்டுவேர் வாங்கும் நேரத்தில் பழைய பதிப்பையே மறுபடி நிறுவுவது புதுச் சட்டைக்குப் பழைய கிழிந்த காலரைத் தைப்பது போல. பெட்டி மாறும்போதே பதிப்பையும் மாற்றிவிடுங்கள்.

புதுச் சர்வரில் எக்ஸ்சேஞ்சை நிறுவினேன், இன்னும் ஒரு மெயில்பாக்ஸைக்கூட நகர்த்தவில்லை. அதற்குள் எல்லோருடைய அவுட்லுக்கிலும் சர்டிபிகேட் எச்சரிக்கை வருகிறது. ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். எக்ஸ்சேஞ்ச் நிறுவி முடிந்ததும், யாரையும் கேட்காமல், "நானும் ஒரு ஆட்டோடிஸ்கவர் சர்வர், என் முகவரி இது" என்று ஆக்டிவ் டைரக்டரியில் தன் பெயரைப் பதிந்துவிடும். (ஆட்டோடிஸ்கவர் என்பது அவுட்லுக் தன் மெயில் சர்வரைத் தானே கண்டுபிடிக்க உதவும் சேவை.) டொமைனில் சேர்ந்த கணினிகளில் இருக்கும் அவுட்லுக் அந்தப் பட்டியலைப் பார்த்துப் புதுச் சர்வரின் கதவைத் தட்டும். அங்கே இருப்பது சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சர்டிபிகேட். அதை அவுட்லுக் நம்பாது. பயனர் திரையில் பெட்டி வந்து நிற்கும், உங்கள் போன் அடிக்கத் தொடங்கும்.

தீர்வு எளிது, நேரம்தான் முக்கியம். நிறுவி முடிந்த அடுத்த நிமிடமே, புதுச் சர்வரின் ஆட்டோடிஸ்கவர் உள் முகவரியைப் பழைய சர்வர் பயன்படுத்தும் அதே பெயருக்கு மாற்றுங்கள். பிறகு பழைய சர்வரிலிருந்து சர்டிபிகேட்டைப் பிரைவேட் கீயோடு (அதன் ரகசியச் சாவி) எக்ஸ்போர்ட் செய்து புதியதில் ஏற்றி, ஐஐஎஸ், எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) சேவைகளுக்கு ஒதுக்குங்கள். பிரைவேட் கீயை எக்ஸ்போர்ட் செய்ய முடியாதபடி முன்பு யாரோ இறக்குமதி செய்திருந்தால், சர்டிபிகேட்டை மறுபடி வாங்க வேண்டும். அதனால் இதை நிறுவும் நாளுக்கு முந்தைய வாரமே பார்த்துவைப்பது நல்லது. நிறுவுவதையும் அலுவலகம் கலைந்த பிறகு செய்யுங்கள்.

புதுச் சர்வரில் டிஸ்க் எவ்வளவு வேண்டும்?

டேட்டாபேஸ் அளவை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். லாக்கைப் போட மாட்டார்கள். ஒரு மெயில்பாக்ஸை நகர்த்தும்போது, சேருமிடத்தில் அதன் ஒவ்வொரு மெயிலும் முதலில் லாக்கில்தான் எழுதப்படும். 2007 பதிப்பிலிருந்து ஒரு லாக் கோப்பின் அளவு 1 எம்பி. ஆக, 400 ஜிபி மெயில்பாக்ஸ்களை நகர்த்தினால் ஏறக்குறைய 4 லட்சம் லாக் கோப்புகள் பிறக்கும், அவையும் இன்னொரு 400 ஜிபி. பேக்கப் ஓடினால்தான் அவை நீங்கும்.

இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அறுபது மெயில்பாக்ஸ்களை ஒரே தொகுதியாகப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். லாக் டிரைவ் 200 ஜிபி. விடியற்காலையில் எழுந்து பார்த்தால் டிரைவில் ஒரு எம்பிகூட மிச்சமில்லை, டேட்டாபேஸ் டிஸ்மவுண்ட் ஆகிக் கிடந்தது. ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தவர்களுக்கு மெயில் இல்லை. அந்த நேரத்தில் கை தானாக லாக் ஃபோல்டருக்குப் போகும். பழைய கோப்புகளைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாமா என்று தோன்றும். செய்யாதீர்கள். எந்த லாக் இன்னும் தேவை என்பது கோப்பின் தேதியைப் பார்த்துத் தெரியாது. நான் லாக் பாதையை வேறொரு பெரிய டிரைவுக்கு மாற்றி, மவுண்ட் செய்து, முழு பேக்கப் ஓட்டிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

நகர்த்தும் நாட்களில் மட்டும் சர்குலர் லாகிங்கை இயக்கலாம். எழுதி முடித்த லாக்குகளை எக்ஸ்சேஞ்சே நீக்கிக்கொள்ளும். இயக்கிய பிறகு டேட்டாபேஸை ஒரு முறை டிஸ்மவுண்ட் செய்து மவுண்ட் செய்தால்தான் அது நடப்புக்கு வரும், அதனால் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். இதற்கு விலையும் உண்டு: இடையில் டிஸ்க் போனால் கடைசி பேக்கப் வரைதான் திரும்பப் பெற முடியும். வேலை முடிந்ததும் அணைத்து, உடனே முழு பேக்கப் எடுங்கள்.

டிஸ்கை ஃபார்மட் செய்யும்போது அலொகேஷன் யூனிட் 64 கேபி என்று வையுங்கள். விண்டோஸ் தானாக வைப்பது 4 கேபி. பிறகு மாற்ற வேண்டுமானால் டிரைவையே மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கும்.

எவ்வளவு நேரம் ஆகும்? பயனர்களுக்கு என்ன சொல்வது?

வேறொருவருடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நடுத்தர அளவு மெயில்பாக்ஸ் ஒன்றை முதலில் நகர்த்திப் பார்த்து, அதன் வேகத்தை வைத்துப் பெருக்குங்கள். ஜிபியை மட்டும் பார்க்காமல் மெயில்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். பெரிய அட்டாச்மென்ட்கள் உள்ள 10 ஜிபி மெயில்பாக்ஸ் சரசரவென்று போகும். லட்சக்கணக்கான குட்டி மெயில்கள் கொண்ட 3 ஜிபி மெயில்பாக்ஸ் தவழும். புது மெஷின் எவ்வளவு வேகமாக இருந்தாலும், படிக்க வேண்டியது பழைய டிஸ்கிலிருந்துதான்.

பயனர்களைப் பொறுத்தவரை, நகரும்போது வழக்கம்போல மெயில் அனுப்பலாம், பெறலாம். கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் மெயில்பாக்ஸ் பூட்டப்படும். முடிந்ததும் சிலருக்கு "நிர்வாகி ஒரு மாற்றம் செய்திருக்கிறார், அவுட்லுக்கை மூடித் திறக்கவும்" என்ற பொருளில் செய்தி வரும். மூடித் திறந்தால் சரி. ஒரே ஆர்கனைசேஷனுக்குள் நகர்த்தினால் ஓஎஸ்டி கோப்பை (அவுட்லுக் கணினியில் வைக்கும் மெயில் நகல்) மறுபடி உருவாக்கத் தேவையில்லை.

என் வழக்கம் இது: வேலை நாட்களில் பகலிலேயே நகர்த்தத் தொடங்கிவிடுவேன், ஆனால் முடிக்கத் தயாரானதும் நிறுத்தி வைக்கும் அமைப்போடு. முக்கால்வாசிக்கும் மேல் பகலில் போய்ச் சேர்ந்துவிடும், இடையில் வரும் மாற்றங்களை எக்ஸ்சேஞ்சே அவ்வப்போது ஒத்திசைத்துக்கொள்ளும், இரவில் கடைசிப் படி மட்டும். முதல் தொகுதியில் ஐடி ஆட்களின் மெயில்பாக்ஸ்கள், கடைசித் தொகுதியில் மேலாளர்கள். இந்த வரிசையை ஒருபோதும் மாற்றியதில்லை.

95 சதவீதத்தில் நின்றுவிட்டது. தொங்கிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தயாரானதும் நிறுத்தச் சொல்லியிருந்தால் அது 95-இல்தான் நின்று உங்களுக்காகக் காத்திருக்கும், ரெஸ்யூம் கொடுங்கள். அப்படிச் சொல்லாமலே நின்றால் நிலை விவரத்தைப் பாருங்கள். "ஸ்டால்டு" என்று தொடங்கி ஒரு காரணம் எழுதியிருக்கும். சேருமிடத்தில் டிஸ்கோ சிபியுவோ மூச்சுத் திணறும்போது, ஏற்கெனவே மெயில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வழிவிட்டு நகர்த்தும் வேலை ஒதுங்கி நிற்கும். விட்டுவிட்டால் தானே தொடரும்.

சில மெயில்பாக்ஸ்கள் "கெட்ட ஐட்டம்" என்று சொல்லித் தோற்றுப்போகின்றன.

பழைய டேட்டாபேஸில் படிக்க முடியாத மெயில் அல்லது காலண்டர் பதிவு இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை ஐட்டங்கள் வரை விட்டுவிட்டுப் போகலாம் என்று வரம்பு கொடுக்கலாம். முதலில் 10 கொடுத்துப் பாருங்கள். வரம்பு 50-ஐத் தாண்டினால், பெரிய இழப்பை ஏற்கிறேன் என்று தனியாக ஒப்புதல் கொடுக்கச் சொல்லும். அந்த இடத்தில் நின்று, நகர்த்தும் வேலையின் அறிக்கையைப் படியுங்கள். எந்த ஃபோல்டரில் எது கெட்டது என்று அதில் இருக்கும். எண்பது கெட்ட ஐட்டங்களும் 'டெலீட்டட் ஐட்டம்ஸ்' ஃபோல்டரில் என்றால் கவலையில்லை. ஒருவரின் காலண்டரில் என்றால் அவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

பழைய சர்வர் போய்விட்டது, டிஸ்கிலிருந்து ஈடிபி மட்டும் கிடைத்தது. மவுண்ட் ஆகவில்லை.

பதறாமல் முதலில் அந்தக் கோப்புக்கும் லாக்குகளுக்கும் ஒரு நகல் எடுங்கள். இனி எது செய்தாலும் நகலில்தான்.

எக்ஸ்சேஞ்சோடு வரும் ஈஎஸ்இயூடில் என்ற டேட்டாபேஸ் கருவியை எம்ஹெச் சுவிட்சோடு (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) ஓட்டுங்கள். அது டேட்டாபேஸின் தலைப்பை மட்டும் படிக்கும், எதையும் மாற்றாது. வெளியே வரும் நீண்ட பட்டியலில் இரண்டு வரிகள் போதும். முதலாவது, "ஸ்டேட்". அங்கே "கிளீன் ஷட்டவுன்" என்றிருந்தால் அதிர்ஷ்டம். கோப்பு முழுமையானது, லாக்கே தேவையில்லை. "டர்ட்டி ஷட்டவுன்" என்றிருந்தால் இரண்டாவது வரிக்குப் போங்கள்: "லாக் ரிக்வையர்டு". எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரையிலான லாக்குகள் வேண்டும் என்று அது சொல்லும். அந்த எண்கள் கொண்ட கோப்புகள் உங்களிடம் இருந்தால், ஆர் சுவிட்சும் லாக்கின் முன்னொட்டும் கொடுத்து ஓட்டினால் சாஃப்ட் ரெக்கவரி (லாக்கில் உள்ளதை ஈடிபிக்குள் எழுதி முடிப்பது) நடக்கும். முடிந்ததும் மறுபடி எம்ஹெச் ஓட்டிப் பாருங்கள். "கிளீன்" என்று மாறியிருக்கும்.

தேவையான லாக் ஒன்று இல்லை என்றால்? பேக்கப்பில் தேடுங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் மட்டும், எல்லாக் கதவும் மூடிய பிறகு, பி சுவிட்ச். ரிப்பேர் என்று பெயர், ஆனால் அது செய்வது அறுவை சிகிச்சை. படிக்க முடியாத பக்கங்களை வெட்டி எறிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் 2010-இலிருந்து ஒரு பக்கம் 32 கேபி. ஒரு பக்கம் போவது சின்ன இழப்பாகத் தோன்றலாம், ஆனால் போகும் பக்கம் அட்டவணையின் வேராக இருந்தால் ஒரு ஃபோல்டர் முழுவதும் போகும். ரிப்பேர் ஆன டேட்டாபேஸில் தொடர்ந்து குடியிருக்கவும் கூடாது. மவுண்ட் ஆனதும் மெயில்பாக்ஸ்களைப் புது டேட்டாபேஸுக்கு நகர்த்திவிட்டு அதைக் கைவிடுங்கள்.

கிளீன் கோப்பு கையில் வந்த பிறகு, புதுச் சர்வரில் ஒரு டேட்டாபேஸை உருவாக்கி, கோப்பு வெளியிலிருந்து வருவதை அனுமதிக்கும் அமைப்பை இயக்குங்கள். அந்த டேட்டாபேஸ் எதிர்பார்க்கும் அதே பெயரில் கோப்பை வைத்து மவுண்ட் செய்யுங்கள். கடைசியாக, பழைய டேட்டாபேஸைச் சுட்டிக்கொண்டிருக்கும் பயனர்களை எல்லாம் புதியதைச் சுட்டும்படி மாற்றுங்கள். டொமைன் கன்ட்ரோலர்கள் (ஆக்டிவ் டைரக்டரியை வைத்திருக்கும் சர்வர்கள்) எல்லாவற்றுக்கும் இந்த மாற்றம் போய்ச் சேரும் வரை சிலருக்கு மெயில் திறக்கும், சிலருக்குத் திறக்காது.

மாற்றும் நேரத்தில் வெளியிலிருந்து வரும் மெயில் தொலைந்துபோகுமா?

சர்வர் சில மணி நேரம் பேசாவிட்டால் தொலையாது. அனுப்பும் சர்வர் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். எஸ்எம்டிபி தரநிலையான ஆர்எஃப்சி 5321, கைவிடுவதற்கு முன் குறைந்தது 4, 5 நாட்கள் முயலச் சொல்கிறது. லினக்ஸ் மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாட்கள் வைத்திருக்கும். ஆனால் எக்ஸ்சேஞ்சின் சொந்த வழக்கம் 2 நாட்கள்தான், எனவே சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூடி வைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

பப்ளிக் ஐபி மாறாவிட்டால் ஃபயர்வாலில் போர்ட் 25-ஐயும் 443-ஐயும் புதுச் சர்வருக்குத் திருப்பினால் முடிந்தது. எம்எக்ஸ் பதிவை (மெயில் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) தொட வேண்டியதில்லை. ஐபி மாறினால் எம்எக்ஸ் சுட்டும் பெயரின் முகவரி, எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்ற பதிவு), பிடிஆர் (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு) மூன்றையும் மாற்றுங்கள். டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பதிவை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நேரம்) இரண்டு நாள் முன்பே குறைத்து வையுங்கள். பிடிஆரை உங்கள் இணைய நிறுவனம்தான் மாற்ற வேண்டும். அவர்களுக்கு எழுதிவிட்டு, பதில் வந்த பிறகு நாள் குறியுங்கள்.

"452 4.3.1 இன்சஃபிஷியன்ட் சிஸ்டம் ரிசோர்சஸ்" என்று திடீரென மெயில்கள் திரும்பினால் நெட்வொர்க்கைத் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலும் டிஸ்க் நிறைந்திருக்கும். பேக் பிரஷர் என்ற பாதுகாப்பு வேலை செய்து, சர்வர் புது மெயில்களை ஏற்க மறுக்கிறது.

மெயில்பாக்ஸ்களைப் பிஎஸ்டியாக (அவுட்லுக்கின் தனி மெயில் கோப்பு) எடுத்துப் புதுச் சர்வரில் ஏற்றினால் சுலபமில்லையா?

சுலபம் போலத் தெரியும். மெயில்கள் வரும், ரூல்கள், ஃபோல்டர் அனுமதிகள், டெலிகேட் ஏற்பாடுகள் (ஒருவர் சார்பில் இன்னொருவர் மெயில் பார்ப்பது) வராது. புதுச் சர்வர் புது ஆர்கனைசேஷனாக இருந்தால், அதைவிட வேடிக்கையான சிக்கல் ஒன்று இரண்டு நாள் கழித்து வரும். பழைய மெயிலுக்கு ரிப்ளை போட்டால், பக்கத்து மேசைக்காரருக்கே மெயில் போகாமல் ஐஎம்சிஈஏஈஎக்ஸ் என்று தொடங்கும் நீண்ட முகவரியோடு திரும்பி வரும். காரணம், உள்ளுக்குள் எக்ஸ்சேஞ்ச் ஆட்களை மெயில் முகவரியால் அடையாளம் காண்பதில்லை. லெகஸிஎக்ஸ்சேஞ்ச்டிஎன் என்ற பழைய பாணிப் பெயரால் காண்கிறது. புது ஆர்கனைசேஷனில் அந்தப் பெயர் மாறிவிட்டது. பழைய மெயில்களிலும், முகவரி தட்டும்போது அவுட்லுக் தானாக எடுத்துத் தரும் பட்டியலிலும் பழைய பெயர் இருக்கிறது. ஒவ்வொரு பயனருக்கும் பழைய பெயரை எக்ஸ்500 முகவரியாக (அந்தப் பழைய பாணிப் பெயருக்கான முகவரி வகை) சேர்த்தால் தீரும். பழைய ஆர்கனைசேஷனை மூடுவதற்கு முன்பே அந்தப் பெயர்களை எல்லாம் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள்.

எங்களுடையது லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் (பயனருக்கு மெயில்பாக்ஸைத் திறந்து தரும் சர்வர்). மெயில்டிர் ஃபோல்டரை (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு) ஆர்சிங்க் கருவியால் (மாறியதை மட்டும் காப்பி செய்யும்) நகலெடுத்தால் போதுமா?

ஏறக்குறைய போதும், கவனமாகச் செய்தால். சர்வர் ஓடும்போதே முதல் ஆர்சிங்க், பெரும்பகுதி போய்விடும். பிறகு இரண்டு பக்கமும் டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் நிறுத்தி, இரண்டாவது ஆர்சிங்க். இந்த இரண்டாவதில் டெலீட் சுவிட்சை விட்டுவிடாதீர்கள். மெயில்டிரில் ஒரு மெயிலைப் படித்ததும் அதன் கோப்புப் பெயரே மாறும். பெயரின் கடைசியில் எஸ் என்ற எழுத்து ஒட்டிக்கொள்ளும். முதல் முறை படிக்காத பெயரில் போனது, இரண்டாவது முறை படித்த பெயரில் மறுபடி போகும். பழையதை அழிக்கச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு மெயிலும் இரண்டிரண்டாகத் தெரியும்.

டவ்காட்-யூஐடிலிஸ்ட் கோப்பும் கூடவே போக வேண்டும். அது போகாவிட்டால் எல்லா மெயிலுக்கும் புது எண் கிடைக்கும். ஐமேப் பயனர்கள் முழுவதையும் மறுபடி இறக்குவார்கள், பாப்3 பயனர்களின் இன்பாக்ஸில் பல வருட மெயில்கள் புதிதாக வந்ததுபோல் கொட்டும். பயனர் எண்களும் இரண்டு மெஷினிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதிப் பிழை வரும். மெயில்டிர் அல்லாமல் எம்டிபாக்ஸ் (ஒரே கோப்பில் பல மெயில்கள்) வைத்திருந்தால், ஓடும்போது கோப்பாகக் காப்பி செய்யாமல் டவ்அட்ம் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

2025-இல் வந்த டவ்காட் 2.4-இல் கான்ஃபிக் நடை மாறிவிட்டது, 2.3-இன் கோப்பை அப்படியே வைத்தால் சேவை எழாது. புது மெஷினில் எந்தப் பதிப்பு வருகிறது என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது. ஒரு வாரம் கழித்து ஸ்கேனரிலிருந்து மெயில் வரவில்லை என்கிறார்கள்.

எதிர்பார்த்ததுதான். பழைய சர்வரின் ஐபியை நேரடியாகத் தட்டி வைத்த கருவிகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு: ஸ்கேனர், யுபிஎஸ், கண்காணிப்பு கேமரா, கணக்கு மென்பொருள். இவற்றுக்கு ஆட்டோடிஸ்கவரும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் எல்லாம் சரியாக ஓடி, மாதக் கடைசியில் சம்பளச் சீட்டுகள் மட்டும் யாருக்கும் போகவில்லை. அந்த மென்பொருள் மாதத்துக்கு ஒரே ஒரு முறைதான் மெயில் அனுப்பும். அதை வைத்துவிட்டுப் போனவர் எப்போதோ வேலையை விட்டுவிட்டார்.

கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, யாருக்கும் நினைவிருக்காது. பழைய சர்வரின் ரிசீவ் கனெக்டர்களில் புரோட்டோகால் லாகிங்கை இயக்கி, குறைந்தது ஒரு மாதம் ஓடவிடுங்கள். வழக்கமாக 30 நாள் லாக் நிற்கும். எந்தெந்த ஐபியிலிருந்து இணைப்பு வந்தது என்று அதிலிருந்து பட்டியல் எடுங்கள். புதுச் சர்வரின் ரிலே கனெக்டரில் (கருவிகளின் மெயிலை வாங்கி அனுப்பிவைக்கும் வழி) அந்த ஐபிகளை மட்டும் சேருங்கள். அவசரத்தில் எல்லா ஐபிக்கும் திறந்துவிட்டால், உங்கள் சர்வர் ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்பும் மெஷினாகிவிடும். கருவிகளில் ஐபிக்குப் பதில் ஒரு டிஎன்எஸ் பெயரைக் கொடுத்துவிட்டால் அடுத்த இடமாற்றத்தில் இந்தத் தொல்லை இல்லை.

எல்லோரையும் நகர்த்தியும் பழைய ஈடிபி கோப்பின் அளவு குறையவே இல்லையே?

குறையாது. காலியான இடத்தை எக்ஸ்சேஞ்ச் தனக்கே வைத்துக்கொள்ளும், விண்டோஸுக்குத் திருப்பித் தராது. நகர்ந்த மெயில்பாக்ஸின் பழைய நகலும் உடனே நீங்காது. வழக்கமாக 30 நாட்கள் அங்கே இருக்கும். எப்படியும் போகப்போகிற டேட்டாபேஸை ஆஃப்லைன் டிஃப்ராக் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பேக்கப்?

தொடங்கும் முன் ஒன்று, முடிந்ததும் ஒன்று. புதுச் சர்வரைப் பேக்கப் ஜாபில் தனியாகச் சேர்க்க வேண்டும், அது தானாக வராது. ஒரு வாரமாக லாக் ஃபோல்டர் வளர்ந்துகொண்டே போனால் ஜாபில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள்.

பழைய சர்வரை எப்போது அணைக்கலாம்?

முதலில் கண்ணுக்குத் தெரியாத மெயில்பாக்ஸ்களை நகர்த்துங்கள். வழக்கமான பட்டியலில் ஆர்பிட்ரேஷன் (எக்ஸ்சேஞ்ச் தன் உள்வேலைக்கு வைத்திருப்பது), ஆடிட் லாக், பப்ளிக் ஃபோல்டர், ஆர்க்கைவ் மெயில்பாக்ஸ்கள் வராது. ஒவ்வொன்றையும் தனி சுவிட்ச் கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு நீக்காமல் வெறுமனே அணைத்து வைத்து ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள். யாராவது கூப்பிட்டால் திரும்ப எழுப்பிக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். யாரும் கூப்பிடாவிட்டால், எழுப்பி, செட்டப் வழியாக முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மெயில்பாக்ஸ் இன்னும் இருக்கிறது என்று அது மறுத்தால், அது சொல்வது பெரும்பாலும் உண்மைதான். மேலே சொன்ன நான்கு வகைகளையும் மறுபடி தேடுங்கள்.

அன்இன்ஸ்டால் செய்யாமல் மெஷினை அப்படியே கழற்றிவிட்டால், ஆக்டிவ் டைரக்டரியில் அந்தச் சர்வர் பேயாக நிற்கும். அடுத்த பதிப்பை நிறுவும்போது வந்து பயமுறுத்தும். அதை ஏடிஎஸ்ஐ எடிட்டில் (டைரக்டரியை நேரடியாகத் திருத்தும் கருவி) கையால் அழிக்கப் போய், பக்கத்திலிருந்த உயிருள்ள சர்வரையும் சேர்த்து அழித்தவர்கள் உண்டு.

அன்இன்ஸ்டால் முடிந்ததும் டிஸ்குகளைத் துடையுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) போட்டிருக்காவிட்டால், ஈடிபி கோப்பை யார் வேண்டுமானாலும் அதற்கான கருவி வைத்து, கடவுச்சொல் இல்லாமலே திறந்து படிக்கலாம்.